பலக்ஸி ஆறு வற்றும்போது போங்கள்

டாலஸ் பக்கம் குடிவந்து சில வருடங்கள் ஆன எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு சிக்கல் வரும். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்திருக்கும். மலை வேண்டுமென்றால் மாநிலமே தாண்ட வேண்டும். கடல் வேண்டுமென்றால் கால்வெஸ்டன், போகவே ஐந்து மணி நேரம். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருந்தால் இன்னும் திண்டாட்டம். கோயில், மால், இன்னொரு கோயில், இன்னொரு மால். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுவார்கள்: “க்ளென் ரோஸ் டைனோசர் பார்க் போயிட்டு வந்துட்டீங்களா?”

போய்வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒரு பாதி “பிரமாதம், கண்டிப்பா போங்க” என்பார்கள். மறு பாதி “ஒண்ணுமே இல்லைங்க, ஒரு ஆறு ஓடுது, ரெண்டு பொம்மை நிக்குது” என்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் ஆகஸ்ட் கடைசியில் போயிருப்பார், மற்றவர் மே மாத மழைக்கு அப்புறம் போயிருப்பார். அந்தப் பூங்காவில் பார்க்க வேண்டிய பொருள் ஆற்றின் அடியில் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் அது தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

டைனோசர் வேலி ஸ்டேட் பார்க் என்று பெயர். ஃபோர்ட் வொர்த்துக்குத் தென்மேற்கே ஒரு மணி நேரம், டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். கிளீபர்ன் தாண்டி 67ஆம் நெடுஞ்சாலையில் போனால் க்ளென் ரோஸ் என்ற சின்ன ஊர் வரும். பிரேசோஸ் என்ற பெரிய ஆற்றில் போய்ச் சேருகிற பலக்ஸி என்ற சின்ன ஆறு அந்த ஊர் வழியாக ஓடுகிறது. ஊருக்கு மேற்கே அந்த ஆறு வளைந்து வருகிற இடம்தான் பூங்கா. அந்த ஆற்றுப்படுகையின் சுண்ணாம்புப் பாறையில், சுமார் 11 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நடந்துபோன டைனோசர்களின் காலடித் தடங்கள் அப்படியே பதிந்து கிடக்கின்றன. கண்ணாடிப் பெட்டி, கயிறு எதுவும் கிடையாது. காலை எடுத்து அதற்குள் வைத்துப் பார்க்கலாம்.

அதனால் இந்தப் பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் லாங் வீக்கெண்டைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நம்மவர்கள் மெமோரியல் டே, லேபர் டே என்று காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு அதற்கேற்ப இடம் தேடுவோம். இங்கே அது தலைகீழ். மெமோரியல் டே வருகிற மே மாதம் இந்தப் பக்கத்தில் மழைக்காலம். ஆறு கலங்கி ஓடும். லேபர் டே வருகிற செப்டம்பர் தொடக்கத்தில் ஆறு வற்றிக் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுமே மூன்று நாள் விடுமுறைதான், ஆனால் பலக்ஸிக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை க்ளென் ரோஸில் ஓர் அளவுமானி வைத்திருக்கிறது. நீர்மட்டம் எத்தனை அடி, வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். தினமும் காலையில் மேட்டூர் அணைக்கு நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று பேப்பரில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பாவிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியதும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர்தான் தினமும் நிலவரம் சொன்னார். “இன்னைக்கு ஆறு கன அடிதாம்பா. நாளைக்கு மழை இல்லைன்னா இன்னும் இறங்கும்.” மேட்டூரில் ஆயிரக்கணக்கில் பார்த்தவருக்கு ஆறு கன அடி ஓடுவதை ஆறு என்று சொல்வதே சிரிப்பாக இருந்தது.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஒற்றை இலக்கத்தில் ஓடினால் கிளம்பலாம். சில பத்துகளில் இருந்தால், பூங்கா வெளியிடும் அன்றாட அறிவிப்பையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நூற்றுக்கணக்கில் போனால் வேறு வேலை பார்க்கலாம். அளவு மட்டும் போதாது, நிறமும் முக்கியம். முழங்கால் அளவுத் தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் கிடக்கும் தடம் நன்றாகவே தெரியும். கணுக்கால் அளவுத் தண்ணீர் கலங்கி இருந்தால் ஒன்றும் தெரியாது. மழை நின்று சில நாள் விட்டுப் போவது நல்லது.

2022ஆம் ஆண்டு கோடையில் டெக்சாஸில் கடும் வறட்சி. பலக்ஸி பல இடங்களில் முழுதாகவே வறண்டுவிட்டது. வழக்கமாகத் தண்ணீருக்கும் வண்டலுக்கும் அடியில் மறைந்திருந்த தடங்கள் வெளியே வந்தன, அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பூங்காவிலேயே ‘லோன் ரேஞ்சர்’ என்று பெயர் வைத்திருக்கும் ஒரு தடவரிசை அப்போது நன்றாகத் தெரிந்தது. ஒரே விலங்கு நடந்துபோன பாதை அது. அப்புறம் மழை வந்தது, எல்லாம் மறுபடி மூடிக்கொண்டது. மூடிக்கொள்வதும் நல்லதுதான். மேலே படியும் வண்டல்தான் இந்தத் தடங்களை வெயிலிலிருந்தும் அரிப்பிலிருந்தும் காப்பாற்றி வருகிறது.

சரி, இந்தத் தடம் எப்படிப் பாறையில் வந்தது? குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது, காரிலேயே கேட்டுவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் இந்த இடம் ஆழமில்லாத ஒரு கடலின் கரை. கடல் சிப்பிகளும் ஓடுகளும் நொறுங்கிச் சேர்ந்த சுண்ணாம்புச் சேறு கரை முழுக்கப் பரவிக் கிடந்தது. அதன் பதம்தான் முக்கியம். இன்னும் தண்ணீராக இருந்திருந்தால் தடம் கரைந்திருக்கும். காய்ந்து கெட்டியாகியிருந்தால் பதிந்தே இருக்காது. புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையில் ராத்திரி தெருநாய் நடந்துவிட்டுப் போனால் காலையில் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடந்தது. தடம் கொஞ்சம் இறுகியது, அதன்மேல் வேறு வகை வண்டலும் களிமண்ணும் வந்து மூடியது. அதற்கு மேல் அடுக்கடுக்காக எத்தனையோ படிந்து, அழுந்தி, கல்லானது. பல கோடி ஆண்டுகள் கழித்துப் பலக்ஸி ஆறு வந்து மேலிருந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. மூடியிருந்த மென்மையான அடுக்கு முதலில் கரைந்தது, கடினமான சுண்ணாம்புக் கல் தங்கியது, அதில் தடமும் தங்கியது. ஆக, மறைப்பதும் ஆறுதான், காட்டியதும் ஆறுதான்.

இரண்டு வகைத் தடங்கள் முக்கியம். மூன்று விரல், கூர்மையான நுனி என்றால் அது இறைச்சி தின்னும் வகை. பெரும்பாலும் அக்ரோகாந்தோசாரஸ் என்ற விலங்கின் தடம் என்கிறார்கள். இரண்டு காலில் நடக்கும், நிமிர்ந்து நின்றால் பதினைந்து அடி உயரம். கோழிக்கால் தடத்தை ஒன்றரை அடிக்குப் பெரிதாக்கினால் வரும் வடிவம் என்பதால் குழந்தைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி, சாரோபாட் இனம். அதன் பின்கால் தடம் ஒரு கஜத்துக்கு மேல் நீளம் இருக்கும். சின்னக் குழந்தை அதில் உட்காரலாம். ஆனால் வடிவம் ஒரு பெரிய குழி போலத்தான் இருக்கும், பழகாத கண்ணுக்கு அது தடம் என்றே தெரியாது. முதலில் ஒன்றை யாராவது காட்ட வேண்டும். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாகவே வரிசை புலப்படும்.

இந்தத் தாவர உண்ணியின் பெயரில் ஒரு வேடிக்கை. 2009இல் டெக்சாஸ் அரசு இந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய பலக்ஸிசாரஸ் என்ற விலங்கை மாநில டைனோசராக அறிவித்தது. அதற்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தது வேறொன்று, பெயர் சரியில்லை என்று மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சியாளர்கள், பலக்ஸிசாரஸும் சாரோபோசைடன் என்று முன்பே பெயர் வைக்கப்பட்ட விலங்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். பூங்காவில் இப்போது சாரோபோசைடன் என்றுதான் சொல்கிறார்கள். அரசாணை ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம். நமக்குப் பழகிய விஷயம்தான்.

இந்தத் தடங்களை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த கதை எனக்குத் தடங்களைவிடவும் பிடித்தமானது. 1908இல் பலக்ஸியில் பெரும் வெள்ளம். படுகையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அடுத்த வருடம் ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற சிறுவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் சுற்றும்போது மூன்று விரல் தடங்களைப் பார்த்தான். ஆசிரியரிடம் சொல்ல, அவர் வந்து பார்த்து டைனோசர் தடம் என்று அடையாளம் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வேலை இல்லை, விவசாயம் இல்லை. க்ளென் ரோஸ்காரர்களில் சிலர் இரண்டு தொழிலில் பிழைத்தார்கள்: ஒன்று கள்ளச்சாராயம், இன்னொன்று டைனோசர் தடம். ஆற்றில் இறங்கி உளியால் தடத்தைப் பாறையோடு பெயர்த்து விற்றார்கள். பெயர்ப்பது கஷ்டமான வேலை. அதனால் சிலர் வேறு கல்லில் தடத்தைச் செதுக்கியே விற்க ஆரம்பித்தார்கள். செதுக்குவது என்று வந்த பின் டைனோசர் கால் மட்டும் எதற்கு? ராட்சத மனிதனின் கால்தடத்தையும் செதுக்கினார்கள். அதற்கு இன்னும் நல்ல விலை கிடைத்திருக்க வேண்டும்.

1938இல் ரோலண்ட் டி. பேர்ட் என்பவர் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் ஊரில் ஒரு கடையில் அப்படியொரு ராட்சத மனிதத் தடத்தைப் பார்த்தார். அவர் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் புதைபடிவம் தேடிக்கொண்டிருந்தவர். பார்த்ததும் செதுக்கியது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். க்ளென் ரோஸ் என்றார்கள். வந்து பார்த்தால், ஊர் நடுவில் நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த இசைமேடைச் சுவரில் நிஜமான மூன்று விரல் தடம் ஒன்றைப் பதித்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஆற்றுக்குப் போனார். அங்கே அவர் கண்டது மூன்று விரல் தடங்களை மட்டுமல்ல. சாரோபாட் நடந்த தடம், உலகில் முதன்முதலாகத் தெளிவாக அடையாளம் காணப்பட்டது, பலக்ஸி படுகையில் கிடந்தது.

அதுவரை பலர் நினைத்திருந்தது வேறு. இவ்வளவு கனமான விலங்கு தரையில் நிற்கவே முடியாது, தண்ணீரில் மிதந்தபடிதான் வாழ்ந்திருக்கும், வால் தரையில் இழுபட்டிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே தடங்கள் சீராக நடந்து போகின்றன, வால் இழுபட்ட கோடு இல்லை. 1940இல் பேர்ட் திரும்பி வந்து, வேலையில்லாதவர்களுக்கு அரசு வேலை கொடுத்த டபிள்யூ.பி.ஏ. திட்டத்தின் ஆட்களை வைத்துக்கொண்டு, ஆற்றின் ஒரு பகுதியைத் தடுத்து, ஒரு தடவரிசையைத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்தார். சாரோபாட் முன்னால் போக, இறைச்சி தின்னும் ஒன்று பின்தொடர்ந்த வரிசை அது. துரத்திக்கொண்டு போனதா, பிறகு அதே வழியில் சாதாரணமாக நடந்ததா என்று இன்றைக்கும் வாதம் இருக்கிறது. அந்தக் கற்களில் ஒரு பகுதி இன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய எலும்புக்கூட்டின் பின்னால் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பகுதி ஆஸ்டினுக்குப் போனது. ஒரு போலித் தடம் இல்லாமல் இருந்திருந்தால் பேர்ட் இந்த ஊருக்கு வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மனிதனும் டைனோசரும் சேர்ந்து நடந்த இடம் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. பூங்காவுக்குப் போகிற வழியிலேயே அந்த நம்பிக்கைக்காக ஒரு தனியார் அருங்காட்சியகமும் இருக்கிறது. செதுக்கியதை விட்டுவிட்டால், ஆற்றில் மனிதத் தடம் என்று காட்டப்பட்டவை, டைனோசர் பாதத்தின் பின்பகுதியையும் ஊன்றி நடந்ததால் நீண்டு, விரல் பகுதி வண்டலால் அடைபட்டுப் போன தடங்கள் என்று 1980களில் விளக்கிவிட்டார்கள். காரில் இந்தப் பேச்சு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. கூட வருகிறவர்களில் யார் எந்தக் கட்சி என்று தெரியாது, ஒன்றரை மணி நேரம் திரும்பவும் ஒரே காரில் வர வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகள் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கின்றன. டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இவ்வளவு பக்கத்தில், பெயரிலேயே டைனோசர் வைத்துக்கொண்டிருக்கும் பூங்காவில் சனிக்கிழமை இடம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வாசலில் திருப்பி அனுப்புவார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு, 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். வருடச் சீட்டு வாங்கினால் அதே காரில் வரும் எல்லோருக்கும் அது போதும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: வருடச் சீட்டு இருந்தாலும் அந்த நாளுக்கான இடத்தைத் தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். “நம்மகிட்டதான் பாஸ் இருக்கே” என்று கிளம்பி வந்து வாசலில் நிற்கும் குடும்பங்கள் நிறைய.

இங்கேதான் ஒரு முரண் வருகிறது. இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆறு எப்படி இருக்கும் என்பதோ கடைசி நேரத்தில்தான் தெரியும். இதற்கு வார நாள்தான் தீர்வு. குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை, பெரியவர்களுக்கு நேரம் உண்டு, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் லீவு போட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஒரு செவ்வாயோ புதனோ இரண்டு நாள் முன்னால் பார்த்தாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். வார இறுதிதான் முடியும் என்றால், பதிவு செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை.

ஆறு வற்றும் காலம் என்றால் வெயில் காலம். ஆகஸ்டில் 38 டிகிரி செல்சியஸ் சர்வ சாதாரணம், அதற்கு மேலும் போகும். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அதனால் காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், பதினொரு மணிக்குள் ஆற்றுப்படுகையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாய்ந்த வெயில் தடத்தின் விளிம்பில் நிழல் போடும், வடிவம் எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் தடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று விரலும் பளிச்சென்று தெரியும். கூட ஒரு சின்னத் துடைப்பம் எடுத்துப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. தன்னார்வலர்கள் சேறு தள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எது எந்த விலங்கு, எந்தப் பக்கம் நடந்தது என்று ஆசையாகச் சொல்வார்கள்.

காலில் என்ன போடுவது என்பதுதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிற இடம். ரப்பர் செருப்பு வேண்டாம், பாசி படிந்த சுண்ணாம்புக் கல்லில் வழுக்கும். வெறும் காலும் வேண்டாம். பின்பட்டை உள்ள, நனைந்தால் பரவாயில்லை என்கிற காலணி வேண்டும். அம்மாவுக்குப் புடவை கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க முடியாது என்று சொல்லிச் சல்வார் போடவைக்க ஒரு வாரம் ஆனது. வந்த பிறகு தண்ணீரைவிட்டு ஏறவைக்க அதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் மெயின் டிராக் சைட் என்ற இடத்துக்குப் போங்கள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் கீழே இறங்கப் படிகளும் கற்களும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கைத்தடியும் ஒரு பேரனும் தேவை. சாரோபாட் தடமும் மூன்று விரல் தடமும் பக்கத்தில் பக்கத்தில் இங்கே பார்க்கலாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கு ப்ளூ ஹோல் என்ற ஆழமான இடம் இருக்கிறது. அங்கே உயிர்காப்பாளர் யாரும் கிடையாது, குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் இறக்காதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நல்ல நடைபாதைகள் உண்டு, ஆனால் பாலம் கிடையாது. ஆற்றைக் காலால் கடந்துதான் போக வேண்டும். ஆறு உயர்ந்தால் அந்தப் பாதைகளுக்கே போக முடியாது.

ஆறு உயர்வது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். நடு டெக்சாஸின் ஆறுகள் நம் ஊர்க் காட்டாறுகளின் குணம் கொண்டவை. மண் ஆழமில்லை, அடியில் பாறை. பெய்த மழை முழுக்க வழிந்து ஆற்றுக்கு வந்துவிடும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். 2025 ஜூலை 4 அதிகாலையில் இங்கிருந்து தெற்கே குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. நடு டெக்சாஸில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆற்றங்கரைக் கோடைமுகாமில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமிகள் உட்பட. அது வேறு ஆறு, வேறு மாவட்டம். ஆனால் பாறையும் சரிவும் அதே ஜாதி. மேற்கே மழை எச்சரிக்கை இருந்தால் நான் போவதில்லை. படுகையில் இருக்கும்போது தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ எதையும் எடுக்க நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும். சாலையில் தண்ணீர் ஓடினால் காரை இறக்கக் கூடாது. ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் போனில் எச்சரிக்கை ஒலி வருகிற மாதிரி வைத்துக்கொண்டு படுங்கள். சிக்னல் பல இடங்களில் மோசம் என்பதால், வாசலில் இருக்கும் அலுவலகத்தில் நிலவரம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் தானாக வந்து சேரும். மேசையும் கரி அடுப்பும் இருக்கின்றன. மசாலா தடவிய கோழியை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய் வாட்டலாம். கோடை வறட்சியில் நெருப்புக்குத் தடை போட்டிருக்கலாம் என்பதால் அதையும் கேட்டுவிட்டுப் போங்கள். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு, சில நண்பர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பொம்மைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குழந்தைகள் கோபித்துக்கொள்வார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஃபைபர் கிளாஸில் செய்த இரண்டு பெரிய டைனோசர்கள் நிற்கின்றன. 1964-65இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக சின்க்ளேர் எண்ணெய் நிறுவனம் செய்தவை, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தன. ஒன்று நீண்ட கழுத்து ப்ரோன்டோசாரஸ், இன்னொன்று டைரனோசாரஸ். இரண்டுக்கும் இந்த ஆற்றுத் தடங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று இந்தத் தடங்களுக்கு முப்பது நாற்பது மில்லியன் ஆண்டுகள் முன்னால் வாழ்ந்தது, மற்றது நாற்பது மில்லியனுக்கு மேல் பின்னால் வந்தது. ஆனால் எல்லோருடைய முகநூல் படமும் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

அப்பாவுக்குப் பொம்மை பிடிக்கவில்லை. அவர் அரியலூர் பக்கத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுண்ணாம்புக் கல்லைப் பார்த்தே காலம் போனவர். படுகையில் இறங்கியதும் தடத்தைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் தடவிப் பார்த்தார். “இது நம்மூருக் கல்லு மாதிரியேதாம்பா இருக்கு. சூளைக்குப் போகவேண்டிய கல்லு.” அவர் சொன்னதில் பாதி சரி. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் இதே கிரெட்டேசியஸ் என்ற டைனோசர் காலத்தில் கடல் விட்டுப்போனதுதான். கல்லங்குறிச்சி சுரங்கங்களில் லாரி லாரியாக வெட்டியெடுக்கும் கல்லுக்குள் கடல் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். இங்குள்ளதைவிட அது வயதில் இளையது. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் பெரிய டைனோசர் எலும்புகள் கிடைத்து 1980களில் அறிவியல் வெளியீட்டில் பதிவும் ஆனது. ஆனால் அந்த எலும்புகள் ஈரத்தில் நொறுங்கிப்போயின, இன்று எடுத்துக் காட்ட எதுவும் மிச்சமில்லை. அப்பாவுக்கு இது தெரியாது. முப்பது வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் கோபம் அவருக்கு அன்று சாயங்காலம் வரை இருந்தது. பூங்காவில் ஆறு வயதுப் பையனுக்கும் தடத்தைக் குனிந்து காட்டி விளக்கிக்கொண்டிருந்த தொப்பிக்காரப் பெண் ரேஞ்சரைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஒருவேளை போகும் நாளில் ஆறு நிறைந்துவிட்டால் என்ன செய்வது? தடத்தை மறந்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். ஊர் நடுவே நீதிமன்ற வளாகத்தில் பேர்ட் பார்த்த அந்த இசைமேடைத் தடம் இன்றும் இருக்கிறது, எந்த வெள்ளத்துக்கும் அது மூழ்காது. க்ளென் ரோஸ் பக்கத்திலேயே ஃபாசில் ரிம் என்ற காட்டுயிர்ப் பூங்காவில் காரில் இருந்தபடியே ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்கலாம்; அதற்கும் பதிவு வேண்டும். மார்ச்சிலிருந்து கோடைத் தொடக்கம் வரை போகிறவர்கள், ஆறு எப்படி இருந்தாலும், காதைத் தீட்டிக்கொண்டு மரத்தடியில் நடக்கலாம். கன்னத்தில் மஞ்சள் நிறமுள்ள வார்ப்ளர் என்ற சின்னக் குருவி டெக்சாஸில் மட்டுமே கூடு கட்டும். இந்தப் பூங்காவில் நிறைய இருக்கும் ஆஷ் ஜூனிப்பர் என்ற மரம் முதிர்ந்தால் அதன் பட்டை நார் நாராக உரியும். அந்த நாரை உரித்து, சிலந்தி வலையால் ஒட்டித்தான் அது கூடு செய்யும். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்பதால், அதற்காகவே தொலைநோக்கியோடு வருகிறவர்கள் உண்டு.

டிசம்பர் விடுமுறைக்கு உறவினர் வருகிறார்கள், அப்போது போகலாமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் உண்டு. போகலாம். கூட்டம் குறைவு, வெயில் இதம். மழை இல்லாத குளிர்காலத்தில் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். ஆனால் கால் வைத்தால் விறைக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை வால்மார்ட்டில் முன்னாடியே வாங்கிவிடுங்கள், க்ளென் ரோஸ் போய்த் தேடாதீர்கள். மாற்று உடையும் துண்டும் ஆளுக்கு ஒன்று காரில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு.